பஸ்ஸா, டிராவலரா? அப்புறம் அந்தக் கக்கூஸ் விவகாரம்

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகிற வழியில் எங்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறது. தேயிலை போக, மூலையில் மூன்று வண்டி நிற்கிற அளவுக்குச் சமதளம். பஸ்ஸையோ, டிராவலர் மாதிரி வேனையோ வீடாக மாற்றிக்கொண்டு மலையேறுகிறவர்கள், ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று, ராத்தங்க இடம் கேட்டு வருவார்கள். என்னிடமும் அப்படி ஒன்று உண்டு. ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட எட்டரை மீட்டர் பஸ். அதனால் எதை வாங்குவது, உள்ளே எதை மாட்டுவது என்ற கேள்வி எப்படியும் என்னிடம் வந்து சேரும்.

கேட்கிறவர்கள் உள்ளே எது வசதி என்று கேட்கிறார்கள். எனக்கு முதலில் கண்ணில் படுவது, காலையில் வண்டி கிளம்பிப் போன பிறகு அந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்பது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தக் கண்ணால் பார்த்தது. வசதிக் கணக்கு மட்டும் பார்த்தால் தீர்ப்பு மாறலாம்.

வண்டி

முதலில் காகிதம். பழைய அரசுப் பேருந்தை ஏலத்தில் எடுத்து வீடாக்கலாம் என்று இன்னும் கனவு காண்கிறவர்கள் உண்டு. 15 வயது தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை. போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் அதில் அடக்கம். அவை காயலான் கடைக்குத்தான் போகும். தனியார் வண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம், இவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது, அதன்படி சான்று பெற்றுக் கட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். காசு கூடுதல், நிம்மதியும் கூடுதல். கையால் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கட்டில், அலமாரி எல்லாவற்றையும் போல்ட் கழற்றினால் இறங்கிவிடுகிற பெட்டிகளாகச் செய்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான். இது வாதத்துக்கு இடமுள்ள வழி. வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி அளவு. டிராவலரில் நீளமான மாடல் சுமார் 7 மீட்டர். இரண்டு அச்சு பஸ் 12 மீட்டர் வரை இருக்கலாம். கொடைக்கானல் மலைச்சாலையில் 12 மீட்டருக்கு மேற்பட்ட வண்டிக்கு 2024 நவம்பரில் தடை போட்டார்கள். நம் ஆட்கள் யாரும் அவ்வளவு பெரிய வண்டியோடு வருவதில்லை என்றாலும், எட்டு ஒன்பது மீட்டரே போதும் வியர்க்க வைக்க. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி. ஒவ்வொன்றிலும் பின் சக்கரத்துக்கு அப்பால் தொங்குகிற பாகம்தான் படுத்தும். முன்பக்கம் திரும்பி முடித்திருக்கும், வால் எதிர்த் தடத்தில் வீசும். பலர் அந்த வாலில்தான் தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ், அதற்கும் பின்னால் பைக் மாட்டும் ஸ்டாண்டு என்று எல்லாவற்றையும் ஏற்றுகிறார்கள். 300 லிட்டர் தண்ணீர் 300 கிலோ. அதை வாலில் வைத்தால் முன் சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் ஸ்டியரிங் மிதக்கும். தொட்டி இரண்டு அச்சுக்கும் நடுவில், தாழ்வாக, உள்ளே தடுப்புத் தகட்டோடு இருக்க வேண்டும். தடுப்பு இல்லையென்றால் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கமாகப் போய் இடிப்பது முதுகில் தெரியும்.

இறக்கத்தில் பஸ்ஸின் ஏர் பிரேக்கும், எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் எனக்குத் தைரியம். டிராவலர்காரர்கள் ஏறின கியரிலேயே இறங்கினால் போதும். பெடலை மிதித்துக்கொண்டே பர்லியார் வரை வந்து, சக்கரம் புகைய ஓரங்கட்டி நிற்கிற வண்டிகளை மாதத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. நம் கூட்டத்தில் எழுதாத ஒன்றும் சேர்ந்திருக்கிறது: பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் முதல் அகலத்தில் ஒதுங்கு. டிராவலர் ஒதுங்குகிற இடத்தில் என் பஸ் ஒதுங்க முடியாது. இரண்டு பேருக்கு டிராவலர் போதும் என்று பஸ் வைத்திருக்கிற நானே சொல்வதற்கு முக்கால் காரணம் இதுதான். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்வேன்.

கக்கூஸ்

இதைப் பற்றி வெட்கப்படாமல் பேசினால்தான் உண்டு.

மூன்று வகை. அடியில் பெரிய தொட்டி வைத்துச் சேர்ப்பது ஒன்று. சூட்கேஸ் மாதிரி உருவி எடுக்கிற கேசட் ஒன்று. சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரித்து, மேலே தூள் போட்டு உலர்த்துகிற உலர் கக்கூஸ் ஒன்று.

பெரிய தொட்டி வெளிநாட்டில் நடக்கும். அங்கே முகாம் திடல்களில் தொட்டியைக் காலிசெய்யக் குழாயோடு இடம் இருக்கும். இங்கே மலையில் எங்கே போய்க் காலி செய்வது? நூறு லிட்டர் கழிவைச் சுமந்துகொண்டு மேட்டுப்பாளையம் வரை இறங்க வேண்டும். இறங்காதவர்கள் ராத்திரியில் எந்த ஓடையில் வால்வைத் திறந்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. என் இடத்தில் பெரிய தொட்டி வண்டிக்கு அனுமதி இல்லை. சொந்தக்காரர் வந்தாலும் இதே பதில்தான்.

கேசட் சுமார் 20 லிட்டர். இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும் என்பார்கள். அது காகிதத்தால் துடைக்கிற ஊர்க் கணக்கு. கழுவுகிற நமக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. நிரம்பினால் யாராவது வீட்டுக் கக்கூஸில் கொட்டலாம், கேட்டுவிட்டு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நாற்றம் வராமலிருக்க ஊற்றுகிற நீல மருந்துகளில் சில, கிருமிகளைக் கொல்லுகிறவை. வீட்டு செப்டிக் டேங்கில் மலத்தை அரிக்கிற வேலையைச் செய்வதே கிருமிகள்தாம். இடம் கொடுத்தவர் டேங்கைக் கெடுத்துவிட்டு, கையில் ஒரு ஸ்வீட் டப்பா கொடுத்துப் போவது என்ன மரியாதை? மருந்து ஊற்றாத கேசட் என்றால் என் வீட்டில் தாராளமாகக் கொட்டலாம்.

உலர் கக்கூஸைப் புத்தகத்தில் புகழ்வார்கள். மேலே போடுகிற தேங்காய் நார்த்தூள் பொள்ளாச்சியிலிருந்து கட்டி கட்டியாகக் கிடைக்கிறது, பிரச்சினையில்லை. பிரச்சினை நம் கையில் இருக்கிற சொம்பு. பிரிப்பானுக்குள் கழுவுகிற தண்ணீர் போனால் உலர்த்துவது எங்கே? கழுவ மட்டும் பக்கத்தில் தனித் தட்டும் தனிக் குழாயும் வைத்தவர்கள் சமாளிக்கிறார்கள். இன்னொன்று, ஊட்டிக் குளிரில், ஜூலை ஈரத்தில், அந்த வாளி உரமாகாது. உலர்ந்தால் பெரிய விஷயம். அதை மண்ணில் புதைத்துவிட்டு ‘இயற்கைக்கே திருப்பிக் கொடுத்தேன்’ என்று பேசுகிறவர்கள், மழை பெய்தால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று சரிவைப் பார்ப்பதில்லை. சொந்த நிலம் இருந்தால் உலர் வகை. இல்லையென்றால் கேசட்.

கக்கூஸை எல்லோரும் யோசிக்கிறார்கள். பாத்திரம் கழுவின தண்ணீரை யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. வண்டி கட்டின முதல் வருஷம், குந்தா பக்கம் ஒரு தோட்ட ஓரம் நிறுத்தியிருந்தோம். சிங்க் குழாய் நேரே தரைக்கு. இயற்கைச் சோப்பு தானே என்று தைரியம். விடிகாலையில் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு ஆயா குடத்தோடு மேலே ஏறி வந்தார். எங்களுக்கு இருபதடி கீழே ஒரு ஊற்று இருந்திருக்கிறது. இருட்டில் தெரியவில்லை. குடத்தை இறக்கி என் முன்னால் வைத்தார். கழுத்து வரை தண்ணீர், மேலே வெள்ளையாக நுரை வட்டம், அதில் ஒரு கறிவேப்பிலை.

“தம்பி, நேத்து ராத்திரி ரசமா?” என்று கேட்டார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. அன்று மத்தியானம் குன்னூர் இறங்கி 40 லிட்டர் கேன் ஒன்றும் திருகு மூடி ஒன்றும் வாங்கினேன். இரண்டு பேருக்கு அது ஒன்றரை நாள் வருகிறது. குளிக்கிற தண்ணீருக்கு இன்னொன்று. வெளியே ஊற்றுவதானால் ஊற்று, ஓடை, கிணறு எதுவும் சரிவின் கீழே இல்லாத இடமாகப் பார்த்து, வடிகட்டி, பரப்பி ஊற்ற வேண்டும். அதற்கும் இடத்துக்காரரைக் கேட்க வேண்டும்.

அடுப்பு

ஊட்டி உயரத்தில், சுமார் 2,240 மீட்டரில், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் பருப்பு வேகாது. எந்த அடுப்பானாலும் குக்கர் வேண்டும்.

இண்டக்‌ஷன் சுத்தம், கசிவு பயம் இல்லை. ஆனால் 2,000 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக 180 ஆம்பியர் போல இழுக்கும். கட்டைவிரல் தடிமன் கேபிள், நன்றாக இறுக்கின முனை, பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். இது மூன்றும் இல்லாத இண்டக்‌ஷன் கேஸைவிட ஆபத்து. தென்மேற்குப் பருவத்தில் இங்கே வாரக் கணக்கில் மூடுபனி. கூரையில் சோலார் போட்டும் பேட்டரி ஏறாது. ஏறாதபோது ஜெனரேட்டர் கொண்டு வருகிறார்கள். மலையில் சத்தம் எதிர்ப்பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) வரை போகும். என் இடத்தில் ஜெனரேட்டர் மாலை ஆறு மணியோடு சரி. சிலர் இதைக் கொடுமை என்கிறார்கள்.

கேஸ் மழையில் கைவிடாது. 5 கிலோ சிலிண்டர் போதும். வீட்டுக்குக் கொடுக்கிற 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் வைக்கக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே தேங்கும். அதனால் சிலிண்டருக்கு உள்பக்கம் காற்றுப் புகாத தனிப் பெட்டி, அதன் அடித்தட்டில் வெளியே போகிற ஓட்டை. ஓட்டை சைலன்சருக்கு மேலே வரக் கூடாது. அழகான தேக்கு அலமாரிக்குள் சிலிண்டர், பக்கத்திலேயே இன்வெர்ட்டர் என்று கட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேக்கைப் பாராட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள முடியுமா?

நான் கேஸ் கட்சி. டீ போட மட்டும் சின்ன இண்டக்‌ஷன்.

குளிருக்கு டீசல் ஹீட்டரா, கம்பளியா என்றால் கம்பளி. ஹீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கரி பிடிக்கும், அதற்கேற்ப அட்ஜஸ்ட் செய்த மாடல் வேண்டும், புகைக்குழாய் கட்டாயம் வெளியே போக வேண்டும். கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கொடைக்கானலில் அறைக்குள் அப்படிச் செய்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே நிறுத்துவது

ரோட்டோரமா, தோட்டமா, யாராவது வீட்டு வாசலா? ரோட்டோரம் இலவசம். ஆனால் குஞ்சப்பனைப் பக்கம் பலாப் பழுக்கிற மாதங்களில் ராத்திரி யானை நடமாட்டம். முதுமலை வழி இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை நம் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அழகான ‘யாருமில்லாத இடம்’ என்று படம் போடுகிறார்களே, மலையில் யாருமில்லாத இடம் அநேகமாக வனத்துறை இடம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. அதை எடுத்தவர்கள் எங்கும் தங்க அனுமதி வாங்கியதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது ஏறுவதற்கான சீட்டு மட்டும்தான்.

தோட்டம் அழகு. ஆனால் காலையில் கொழுந்து எடுக்க ஆள் வரும், நிறுக்கிற ஷெட்டுக்கு டிராக்டர் வரும். ஒன்பது மணி வரை திரைச்சீலையை மூடித் தூங்குகிற வண்டி அந்தப் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். கங்காணி சன்னலைத் தட்டவும் கூசுவார். வீட்டு வாசல்தான் என் ஓட்டு. காசு கொடு, கக்கூஸைக் கேள், குப்பையைக் கீழே எடுத்துப் போ.

குறை சொல்வது

திரைச்சீலை நிறம், பிளைவுட் மட்டம், ‘இதுக்கு இவ்வளவா?’ இவற்றைச் சொல்லக் கூடாது. (விலை கேட்காமல் நம்மால் இருக்க முடியாது. கேட்டால் தச்சன் கூலியும் சேர்த்து உண்மையைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்தவன் ஏமாறுவான்.) கேஸ், ஒயர், பிரேக் இந்த மூன்றும் அப்படியல்ல. அன்றே, நேரில் சொல்ல வேண்டும். குரூப்பில் படம் போட்டுச் சொல்கிற கட்சி ஒன்றும் உண்டு. நாலு பேர் கற்றுக்கொள்வார்களாம். படத்துக்குரியவர் மட்டும் அதோடு பேசுவதை நிறுத்திவிடுவார். அவர் வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

போன டிசம்பரில் திருப்பூரிலிருந்து ஒரு பையன் டிராவலரில் வந்தான். முதல் வண்டி, இருபத்தாறு வயது இருக்கும். ராத்திரி மூன்று குடும்பம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் கேஸ் பெட்டி எப்படிக் கட்ட வேண்டும் என்று பிரசங்கம் நடத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து, “ணா, ஒரு நிமிசம் கீழ வாங்க” என்றான். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்தோம். அவன் செல்போன் வெளிச்சத்தை என் கேஸ் பெட்டியின் ஓட்டையில் அடித்தான். மண் குளவி ஒன்று அதைக் கச்சிதமாகப் பூசி அடைத்திருந்தது. எத்தனை மாதமாகவோ.

“யார்கிட்டயும் சொல்லலைங்ணா” என்றான்.

குடைக்கம்பி கொண்டு வரச் சொல்லிக் குத்தினேன். காய்ந்த மண் முகத்தில் கொட்டியது. இப்போது அந்த ஓட்டையில் கொசுவலைத் துண்டு ஒன்று கட்டியிருக்கிறது, அவன் கட்டிக் கொடுத்தது.