110 மி.மீ. மூன்று சக்கர ஸ்கேட்: கொடி மார்பில் இருக்கட்டும், காலில் வேண்டாம்

"இந்தியாவுக்கு ஆடணும் சார், அதுக்கேத்த மாதிரி காட்டுங்க." பாண்டியிலோ கடலூரிலோ ஸ்கேட் வாங்கப் போகும் பெற்றோர் கடையில் முதலில் சொல்வது இதைத்தான். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில், சென்னைப் பிள்ளை ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். இந்த விளையாட்டில் உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர் அவர். பெற்றோரின் ஆசைக்கு இப்போது ஒரு முகம் கிடைத்துவிட்டது.

கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் 'செமி ரேஸ்' என்று விற்கப்படும் வகை. கணுக்காலுக்குச் சற்று மேல் வரும் ஷூ, அலுமினிய ஃபிரேம், காலுக்கு மூன்று வீதம் 110 மி.மீ. வீல். நல்ல செட் என்றால் விலை ஐந்து இலக்கத்தைத் தொடும். நல்ல பொருள்தான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அல்ல, அதுவும் நம் கடற்கரைக் காற்றில் ஒரு பராமரிப்பும் இல்லாமல் நிச்சயம் அல்ல.

பனியே பார்க்காத ஊரில் வீல் ஸ்கேட்டை வைத்துக்கொண்டு குளிர்கால ஒலிம்பிக் பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு ஒக்காலாவைச் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவில் வெயில் கொளுத்தும் சின்ன ஊர் அது. எரின் ஜாக்சன், பிரிட்டனி போ, ஜோயி மான்டியா மூவரும் அங்கே இன்லைன் ஸ்கேட்டில், அதாவது வீல்கள் ஒரே வரிசையில் உள்ள ஸ்கேட்டில் வளர்ந்து, பிறகு ஐஸுக்குப் போனவர்கள். 2022 பெய்ஜிங்கில் பெண்கள் 500 மீட்டரில் 37.04 விநாடியில் தங்கம் வாங்கினார் எரின். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் இன்லைனில் பேர் எடுத்தவர். அதே பெய்ஜிங்கில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் மாஸ் ஸ்டார்ட் ஓட்டத்தின் தங்கத்தை அவர் வென்றபோது, 1948க்குப் பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் குளிர்காலத் தங்கமாக அது ஆனது. உடம்பைத் தாழ்த்தி உட்காரும் நிலை, வளைவில் கால் மேல் கால் போட்டு ஏறும் முறை, பக்கவாட்டில் தள்ளும் பழக்கம் ஆகிய மூன்றும் வீலிலிருந்து ஐஸுக்கு அப்படியே கூட வரும். வராதது ஒன்று உண்டு. நீள்தட ஐஸ் ஸ்கேட்டில் பிளேடு முன்பக்கம் கீல் வைத்துத் தொங்கும், குதிகால் எழும்பினாலும் பிளேடு ஐஸை விடாது. வீல் ஸ்கேட்டில் ஃபிரேம் இரண்டு போல்ட்டில் இறுக்கமாக நிற்கும், நுனிக்காலால் உதைத்தால் வேகம் வீணாகும். குதிகாலோடு சேர்த்துத் தள்ள இப்போதே பழக்க வேண்டும்.

இனி ஷூ. செட்டில் பாதி மதிப்பு இதில்தான் இருக்கிறது, பெரும்பாலானோர் தவறுவதும் இதில்தான். பாதத்தைச் சுவரோடு குதிகால் ஒட்ட வைத்து, காகிதத்தில் நிறுத்தி, நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சாயங்காலம் அளந்தால் நல்லது, பாதம் அப்போது சற்று உப்பியிருக்கும். அளவு மி.மீ.யில் வேண்டும், பெரிய காலை வைத்து வாங்க வேண்டும். விரலுக்கு முன்னால் 3 முதல் 5 மி.மீ. இடம் போதும். "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா குடுங்க" என்று பள்ளி ஷூ வாங்குவது போல வாங்கினால் குதிகால் உள்ளே ஏறி இறங்கும், கணுக்கால் உள்பக்கம் மடியும், தள்ளும் விசை வீலுக்குப் போகாமல் லேஸிலேயே தொலையும். கணுக்கால் மடிவதைப் பார்த்துப் பிள்ளையின் கால் பலவீனம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பத்தில் எட்டு முறை குற்றம் ஷூவின் அளவில்தான்.

ஷூ சரியாக இருந்தும் கணுக்கால் உள்ளே சாய்ந்தால் ஃபிரேமைப் பாருங்கள். முன் போல்ட்டின் நேர், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வர வேண்டும், பின் போல்ட் குதிகாலின் மையத்தில். அங்கிருந்து தொடங்கி, சாய்வு போகாவிட்டால் ஃபிரேமை உள்பக்கமாக 2 மி.மீ. நகர்த்தி இறுக்கி, நாலு சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள், எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு 110 மி.மீ. உயரம் அதிகம். 84 அல்லது 90 மி.மீ. வீலில் ஆறு மாதமாவது ஓடி, பிளவ் ஸ்டாப்பும் (கால்களை அகட்டி நிற்பது) டி-ஸ்டாப்பும் (பின்காலைக் குறுக்கே இழுத்து நிற்பது) கைவந்த பிறகு இதற்கு ஏறலாம். ரேஸ் வகையில் குதிகால் பிரேக் கிடையாது. பாண்டி பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள் என்பதால் ரோடு காலி என்று அர்த்தமில்லை. காந்தி சிலைப் பக்கம் பலூன் பிடித்த குழந்தை எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே வேகம் பழகுவதற்கு விடியற்காலை மட்டுமே நேரம், காலை 7.30க்கு வண்டிகள் வந்துவிடும். வீலின் கடினம் (அதன் மேல் எண்ணோடு 'A' என்று போட்டிருக்கும்) 85ஏ சுற்றி இருந்தால் நம் தார் ரோட்டுக்கு ஒத்துவரும். அதைவிடக் கெட்டியான வீல், காற்றில் பறந்து வந்து படிந்த மணலில் வழுக்கும். நன்றாக உட்கார்ந்து வளைவு ஏறும் பிள்ளைதான் அதில் அடிபடும், ஏனென்றால் அதன் சாய்வு அதிகம்.

மணலைவிடப் பெரிய எதிரி உப்பு. இந்த செட்டில் 6 வீலுக்கு 12 பேரிங், எல்லாம் 608 அளவு: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. சாதாரண எஃகுப் பேரிங்கைக் கடற்கரையில் ஓட்டிவிட்டுப் பையில் அப்படியே போட்டால், நாலைந்து நாளில் சுற்றும்போது 'கரகர' என்று அரைக்கும். ஓடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பையைத் திறந்தே வையுங்கள். மாதம் ஒரு முறை கழற்ற வேண்டும். ரப்பர் மூடியைக் குண்டூசி நுனியால் நெம்பி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊறவைத்து, குலுக்கி, செய்தித்தாளில் தட்டினால் கறுப்புச் சேறு கொட்டும். நன்றாக உலரட்டும். பிறகு பேரிங் ஒன்றுக்கு இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய் மிகுந்தால் மணலை அதுவே கூப்பிட்டு உள்ளே உட்காரவைக்கும். மண்ணெண்ணெயில் கழுவினால் பிசுக்கு தங்கும். துருவை இளக்கும் ஸ்பிரேயை எண்ணெயாக நினைத்து அடிப்பவர்கள் நிறைய. அது இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். கூடுதல் காசு கொடுத்து ஸ்டெயின்லெஸ் பேரிங் வாங்குவது கடலுக்குத் தள்ளி இருக்கும் ஊர்க்காரருக்கு வீண்செலவு, கடற்கரையில் ஓடும் பிள்ளைக்கு அவசியம். வீலைப் பிடிக்கும் ஆக்சில் போல்ட்டின் மரையிலும் துளி எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் உப்பு பிடித்துக்கொண்டு ஆலன் கீ வழுக்கி, தலை மழுங்கிவிடும்.

வீலின் உள்விளிம்பு முதலில் தேயும். தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வலது காலில் இருந்ததை இடது காலுக்கு மாற்றுங்கள். மாற்றும்போதே முன்வீலை நடுவுக்கும், நடுவீலைப் பின்னுக்கும், பின்வீலை முன்னுக்கும் கொண்டுபோனால் எல்லாம் ஒரே சீராகத் தேயும்.

இந்த மாடல்களில் நமக்குப் பிடிக்காத ஒரு விஷயம், 'இந்தியா' பதிப்பு என்று ஷூவின் பக்கவாட்டில் அசோகச் சக்கரத்தோடு கொடியை அச்சடித்தோ ஸ்டிக்கர் ஒட்டியோ விற்பது. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தை 2005இல் திருத்தியபோது, உடையில் கொடி வைக்க வழி விட்டார்கள், ஆனால் இடுப்புக்குக் கீழே அணியும் எதிலும் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். காலில், ரோட்டுத் தூசியில், கொடி போகலாமா? அன்பினால் வாங்கியதாக இருந்தாலும் தவறு தவறுதான். ஜெர்சியின் மார்பில் வையுங்கள். ஹெல்மெட்டில் மூவர்ண ஸ்பிரே பெயிண்ட் அடிப்பதும் வேண்டாம். பெயிண்டில் உள்ள கரைப்பானால் மேல் ஓடு அரிபட்டுப் பலவீனமாகும், விழும்போதுதான் தெரியும்.

கொடி இல்லாமல் போட்டியிட்டவர்களை நினைத்தால் அதன் அருமை புரியும். 2014 சோச்சி ஒலிம்பிக் தொடங்கியபோது, இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்தது. ஆறு குளிர்கால ஒலிம்பிக் கண்ட லூஜ் (பனிச்சறுக்கு வண்டிப் பந்தய) வீரர் சிவா கேசவன் உட்பட மூன்று இந்தியர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் அணிவகுத்தார்கள். சிவாவின் போட்டி முடிந்த பிறகே தடை விலகி, வீரர் கிராமத்தில் மூவர்ணம் ஏறியது. பாண்டியில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, 2030 குளிர்கால ஒலிம்பிக் பிரெஞ்சு ஆல்ப்ஸில் என்பதால் அந்த வீடுகளில் இப்போதே பேச்சு. அவர்களும் நம் பிள்ளைகளும் ஒரே வரிசையில் பயிற்சி எடுக்கிறார்கள். யார் எந்தக் கொடிக்குக் கைதட்டினாலும், வரிசையில் பின்னால் வருபவர் முன்னால் இருப்பவரின் இடுப்பில் கைவைத்துச் சமன் செய்யலாம், பிடித்து இழுக்கக் கூடாது. முந்துபவர்தான் மோதாமல் முந்தும் பொறுப்பை ஏற்க வேண்டும். கையால் தள்ளினால் போட்டியிலிருந்து நீக்கவும்கூடும்.

2022 ஜனவரியில் அமெரிக்கத் தகுதிப் போட்டியில் எரின் ஜாக்சன் 500 மீட்டரில் தடுக்கி, மூன்றாவதாக வந்தார். அப்போது இருந்தது இரண்டு இடம். முதலாவதாக வந்த பிரிட்டனி போ தன் இடத்தை எரினுக்கு விட்டுக்கொடுத்தார், அந்த ஆண்டின் உலகக் கோப்பையில் எரின்தான் முன்னணி என்பது அவருக்குத் தெரியும். பிறகு நாட்டுக்கு ஒரு கூடுதல் இடம் கிடைத்ததால் பிரிட்டனியும் 500 ஓடினார், 1000 மீட்டரில் வெண்கலமும் வாங்கினார். "நம்ம பிள்ளையை ஏன் எடுக்கலை" என்று தேர்வு நாளில் சண்டைக்கு நிற்கும் பெற்றோர் இதை ஒரு முறை பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஐஸ் தொட ஆசைப்படும் பிள்ளைக்கு வழி இருக்கிறது. டேராடூனின் ஹிமாத்ரி அரங்கில் 2025 ஆகஸ்டில் ஆசிய ஓப்பன் ஷார்ட் டிராக் (குறுந்தட ஐஸ் ஸ்கேட்டிங்) போட்டி நடந்தது. ஷார்ட் டிராக் ஒரு சுற்று 111.12 மீட்டர், அதில் ஏறக்குறைய பாதி வளைவு. அதனால் இங்கே இடப்பக்க வளைவை மட்டும் தனியாக, எட்டு மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, நாளுக்கு இருபது சுற்று பழக்கலாம்.

பழைய செட் வாங்குவதில் தப்பில்லை, பிள்ளைகள் காலை வளர்த்துக்கொண்டே போவதால் நல்ல ஷூக்கள் ஒரு வருடத்திலேயே கைமாறும். வாங்குமுன் ஃபிரேமின் இரண்டு போல்ட் துளைகளுக்கு இடையே அளந்து பாருங்கள், 165 அல்லது 195 மி.மீ. இருக்கும். உங்களிடம் உள்ள ஷூவோடு அது ஒத்துப்போனால் ஃபிரேமை மட்டும் வாங்கினால் போதும். ஷூவின் அடியில் போல்ட் துளையைச் சுற்றி முடி போல விரிசல் இருந்தால் வாங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் கிடந்த ஷூவா என்றும் கேளுங்கள். சூட்டில் பசை விட்டிருக்கும், கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினாலே தோல் தனியே எழும்பும்.