தானே நீந்தும் காந்தத் துகள்: பிடிப்பதில் கெட்டி, விடுவதில் சண்டி

நுண்ணோக்கியின் கீழ் சிறு உருண்டைகளைப் பிடித்து நகர்த்தும் இந்தத் துகளை ஆய்வகத்துக்கு வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்கலாம், ஆனால் குப்பியைத் திறந்ததும் அப்படியே ஸ்லைடில் விட்டுவிட்டு ஓடவே இல்லை என்று சொல்லாதீர்கள். துகள் 5 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் உருண்டை, ஒரு பாதியில் மட்டும் நிக்கல் பூச்சு, அதன்மேல் பிளாட்டினம். நீரில் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடை பிளாட்டினம் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்க, துகள் பூச்சில்லாத பக்கமாக நகரும். காயிலின் (மின்சாரம் பாய்ச்சினால் காந்தப்புலம் தரும் கம்பிச்சுருள்) புலத்தைத் திருப்பினால் நிக்கல் இருப்பதால் துகளும் திரும்பும்.

எனக்கு இதில் முதலில் பட்ட குறை கூடவே வரும் குறிப்புத்தாள்தான். துகள்கள் வருவது உப்பும் சோப்புப் பொருளும் கலந்த திரவத்தில், துளி உப்பு மிஞ்சினாலும் வேகம் படுத்துவிடும், அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்துத் துகள்களை ஒதுக்கி, திரவத்தை பைப்பெட்டால் எடுத்துவிட்டு, அயனி நீக்கிய நீரை ஊற்றித் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். அப்புறம் பாருங்கள், அதுவரை நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தவை கிளம்பிப் போகும்.

பிடிக்கும் வேலை அருமை. நேர்மின்னூட்டம் ஏற்றிய 2 மைக்ரோமீட்டர் உருண்டை ஒன்று அடித்தளத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது, அதன் பக்கம் ஓட்டிப்போய் உரசியதுமே விலாவில் ஒட்டிக்கொண்டது. சுமை ஒரு பக்கமாக இருப்பதால் வேகம் குறைந்து பாதை லேசாக வளையும், புலத்தை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். சாதாரண சிலிகா உருண்டை என்றால் முன்னால் கொஞ்ச தூரம் தள்ளப்பட்டு நழுவிவிடுகிறது. இந்த அளவில் உந்தத்தின் தாக்கமே கிடையாது, தள்ளுவது நின்றால் துகளும் அங்கேயே நிற்கும், குறிபார்த்துப் போய்ப் பிடிப்பதற்கு இது ரொம்ப வசதி. புலம் இல்லாவிட்டால் பிரௌனியன் இயக்கம் (நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் தாறுமாறான ஆட்டம்) ஒன்றிரண்டு நிமிடத்தில் திசையை மாற்றிவிடும், அதனால் காயில் இல்லாமல் வாங்கிப் பயனில்லை.

ஆனால் பிடித்ததை விடுவிப்பது பெரும்பாடு, மின்னூட்டத்தால் ஒட்டியது புலத்தை அணைத்தாலும் விடாது. துகள்களை நெருக்கமாகப் போட்டால் ஒன்றையொன்று இழுத்துச் சங்கிலியாகிவிடும், ஆகவே நன்றாக நீர்க்கச் செய்யுங்கள். பெராக்சைடு அதிகமானால் ஆக்சிஜன் குமிழி எழும்பிப் பார்வைப்புலத்தையே கலைத்துவிடும்.

உயிருள்ள செல்களைப் பிடிக்க நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், பெராக்சைடே அவற்றைக் கொன்றுவிடும். அவர்களுக்குச் சுழலும் காந்தப்புலத்தால் மட்டுமே நகரும் துகள்தான் சரி.