எம்ஜிபி எஞ்சினைப் பெர்ஃபார்மன்ஸ் எஞ்சினாகக் கட்டக் கொடுக்கிறீர்களா? பில்லை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்

பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி எஞ்சின், கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஐந்து மெயின் பேரிங் தாங்கும் வகை. அதை வேகத்துக்கு ஏற்றபடி புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லி ஒரு பட்டறை வாங்கிய வேலை இது. பில்லில் இருந்தவை: 1.5 மிமீ ஓவர்சைஸ் ரீபோர் (சிலிண்டர் துளையை அகலமாகக் கடைவது), ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், புதிய கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), புதிய டாப்பெட் (கேமின் மேல் அமர்ந்து புஷ் ராடைத் தள்ளும் துண்டு), பிளாக்கின் மேல்பரப்பு மெஷினிங், கிராங்க் பேலன்சிங், ‘ஸ்டேஜ் 3’ ஹெட், ஈயம் இல்லாத பெட்ரோலுக்கான எக்ஸாஸ்ட் வால்வு சீட், 10.5 கம்ப்ரஷன், கூடவே ஒரு டைனோ ரிப்போர்ட் (எஞ்சின் சக்தியை மெஷினில் அளந்த தாள்).

ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போனது. 3,000 ஆர்பிஎம் தாண்டினால் அடியிலிருந்து தட்டும் சத்தம். எஞ்சினை இறக்கி, பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக அளந்து பார்த்ததில் தெரிந்தவற்றை எழுதுகிறேன். இந்த எஞ்சின் மட்டும் அல்ல, புஷ் ராடு (கேமின் அசைவை வால்வுப் பக்கம் தள்ளும் கம்பி) வைத்த எந்தப் பழைய எஞ்சினுக்கும் இந்தச் சோதனைகள் பொருந்தும்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது. இதில் ஏமாற்றுவது சுலபம், கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம். 1.5 மிமீ ரீபோர் செய்தால் போர் (சிலிண்டர் விட்டம்) 81.78 மிமீ, 88.9 மிமீ ஸ்ட்ரோக்குடன் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) ஒரு சிலிண்டருக்கு 467 சிசி. 10.5 வேண்டுமானால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் 49.2 சிசி இருக்க வேண்டும் (10.5-ல் ஒன்றைக் கழித்து, 467-ஐ 9.5-ஆல் வகுத்தால் அதுதான்). பியூரெட்டும் ஒரு துண்டு அக்ரிலிக் தகடும் வைத்து அளந்ததில் ஹெட் சேம்பர் (ஹெட்டில் கலவை எரியும் குழி) 43 சிசி. கேஸ்கட் 4.3. பிஸ்டன் தலையில் உள்ள குழி 6.5. டயல் கேஜில் பிஸ்டன் பிளாக்கின் மேல்பரப்புக்கு 1 மிமீ கீழே நின்றது; அது 5.2 சிசி. மொத்தம் 59. அதாவது கம்ப்ரஷன் 8.9. கம்பெனி கொடுத்த 8.8-க்கு மேல் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை.

ஹெட்டைச் சீவி சேம்பரை 38 சிசிக்குக் கொண்டு வந்து, பிளாக்கை 0.9 மிமீ இறக்கியிருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும். இரண்டுக்கும் காசு வாங்கியிருந்தார்கள், இரண்டும் நடக்கவில்லை. தண்ணீர்த் துளைகளைச் சுற்றி அரித்த பழைய வட்டங்கள் பிளாக்கின் முகத்தில் அப்படியே இருந்தன. மெஷினில் ஏறிய பிளாக்கில் அவை மிஞ்சாது. இந்த இரும்பு ஹெட்டுக்குச் சாலைப் பெட்ரோலில் 10.5 கேட்பதே கொஞ்சம் பேராசை, 9.5-லிருந்து 10 வரை போதும், டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸையும் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) அதற்கேற்ப மாற்ற வேண்டும். கேட்பவருக்கு ஆசை இருக்கிறது என்று தெரிந்தால் எந்த நம்பரையும் எழுதித் தரத் தயங்காதவர்கள் இருக்கிறார்கள்.

எஞ்சினைக் கொன்றது கம்ப்ரஷன் அல்ல. பிளாக்கின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் மெயின் ஆயில் கேலரியின் (பேரிங்குகளுக்கு ஆயில் போகும் துளை) இரு முனையிலும் அடித்து ஏற்றிய பித்தளை அடைப்புகள் உண்டு. ரீபோருக்குப் போகும் பிளாக்கில் அவற்றைத் துளைத்து எடுத்து, நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்து, மரை போட்டு ஸ்க்ரூ அடைப்பு வைப்பதுதான் முறை. இந்தப் பிளாக்கில் அந்த அடைப்புகளின் விளிம்பில் பழைய பெயிண்ட் கீறல்கூட இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அடைப்பைத் துளைத்து எடுத்து மெல்லிய கம்பியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டால், கறுப்புச் சேறும் அதில் மினுங்கும் இரும்புத் துகளும் வந்தன. நடு மெயின் பேரிங் ஷெல்லில் ஒரு இரும்புத் துணுக்கு புதைந்து உட்கார்ந்திருந்தது. ஜர்னலில் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) அதற்கு நேராக நகம் சிக்கும் ஆழத்தில் கோடு.

ஃபில்டர் என்ன செய்தது என்று கேட்கலாம். ஆயில் பம்ப்பிலிருந்து ஃபில்டருக்குப் போய், அதன் பிறகுதான் கேலரிக்கு வருகிறது. கேலரிக்குள் கிடக்கும் துகள் ஃபில்டரைப் பார்ப்பதே இல்லை, நேராகப் பேரிங்குக்குப் போய்விடும். எத்தனை விலை உயர்ந்த ஆயில் ஊற்றினாலும் இதற்குப் பலன் கிடையாது.

துகளுக்கு இன்னொரு ஊற்றும் இருந்தது, கேம் ஷாஃப்ட். ‘புதியது’ என்று பில் போட்டது பழைய கேமை மறுபடி கிரைண்ட் செய்தது. லோபின் (கேமில் டாப்பெட்டைத் தூக்கும் புடைப்பு) பின்பக்க வட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, தொடாத ஒரு ஒரிஜினல் கேமோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். ரீகிரைண்டில் அந்த வட்டம் சிறுத்திருக்கும். வெளியிலிருந்தே ஒரு தடயமும் உண்டு. ராக்கர் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூக்கள் எட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கியிருந்தன, புஷ் ராடு நீளம் பற்றாததால். ரீகிரைண்ட் என்பதே குற்றம் இல்லை. நல்ல கிரைண்டர் செய்து, மறுபடி கடினப்படுத்தினால் ஓடும். அதைப் புதியது என்று விற்றதும், அதன் கீழே பழைய டாப்பெட்டுகளைப் போட்டதும்தான் குற்றம்.

டாப்பெட் புதியதா என்று பார்க்கக் கருவியே வேண்டாம். இரண்டு டாப்பெட்டுகளின் முகத்தை ஒன்றோடொன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். புதிய டாப்பெட்டின் முகம் மிக லேசாகக் குவிந்திருக்கும், அதனால் இரண்டும் ஆடும். தேய்ந்ததில் நடு குழிந்து விளிம்புகள் மட்டும் தொடும். இதில் எட்டில் ஆறு குழிந்திருந்தன. அந்தக் குவிவுதான் டாப்பெட்டைச் சுழல வைக்கிறது. சுழலாத டாப்பெட் லோபைச் சுரண்டி எடுத்துவிடும், சுரண்டிய இரும்பு சம்புக்கு (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கும். புது கேமாகவே இருந்தாலும் முதல் ஸ்டார்ட்டில் ஐடில் விடாமல் 2,000–2,500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட்ட வேண்டும், ஏனென்றால் லோப்களுக்கு ஆயில் பெரும்பாலும் தெறித்துத்தான் போகிறது. வால்வுக்கு டபுள் ஸ்பிரிங் போட்டிருந்தால் அந்த 20 நிமிடத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைப்பது நல்லது. ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை, அதாவது இசட்டிடிபி, போதிய அளவு இருக்க வேண்டும். இன்றைய கார்களுக்கு வரும் பல ஆயில்களில் அது குறைவு.

கேம் டைமிங்கும் (வால்வு எந்த நேரத்தில் திறக்கிறது என்பது) செட் செய்யப்படவில்லை. ஸ்ப்ராக்கெட் புள்ளிகளை நேர்படுத்திச் செயினை மாட்டியதோடு சரி. கேமோடு வந்த தாளில் இன்லெட் முழு லிஃப்ட் 106 டிகிரி என்று இருந்தது, அதாவது பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கிராங்க் அவ்வளவு சுழன்றபோது இன்லெட் வால்வு முழுதாகத் திறக்க வேண்டும். டிகிரி டிஸ்க்கும் டயல் கேஜும் வைத்துப் பார்த்தால் 112. ஆறு டிகிரி தாமதம் என்றால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை செத்துவிடும். இதைத் திருத்த ஆஃப்செட் சாவி ஒன்று போதும். அரை மணி வேலை.

பிஸ்டன் விஷயம் சுருக்கமாக. உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வார்ப்பு அச்சின் கோடுகளும் பதித்த ஸ்டீல் பட்டையும்; ஃபோர்ஜ்டு பிஸ்டனில் இவை இருக்காது. உண்மையில், 6,000 ஆர்பிஎம் வரை போகும் சாலை எஞ்சினுக்கு நல்ல காஸ்ட் (வார்த்த) பிஸ்டனே தாங்கும். ஆனால் ஃபோர்ஜ்டு விலையை வாங்கிவிட்டு இதைப் போடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது. பேலன்சிங்கும் அதே ரகம்: கிராங்க் வெப்பில் (ஜர்னல்களை இணைக்கும் தடித்த பகுதி) துளைத்த புதுத் தடம் எதுவும் இல்லை, தராசில் வைத்தால் பிஸ்டன்களுக்குள் 7 கிராம் வித்தியாசம். 1 கிராமுக்குள் வர வேண்டியது.

ஹெட்டில் கை வைத்தவர் போர்ட்டின் (காற்று போகும் வழி) வாய்ப்பக்கம் மட்டும் கண்ணாடிபோல பாலிஷ் போட்டிருக்கிறார். காற்றோட்டம் கூடுவது வால்வு சீட்டுக்குக் கீழே உள்ள கிண்ணம் போன்ற பகுதியில். அங்கே வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே. எக்ஸாஸ்ட் சீட்டைச் சுற்றி இன்சர்ட் ரிங்கின் மெல்லிய வட்டக் கோடு தெரிய வேண்டும். இல்லை, பழைய இரும்பிலேயே சீட் வெட்டியிருந்தார்கள். இந்த ஹெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ஒரே போர்ட்டில் சேர்கிறது, அந்த நடுப்பகுதி சூட்டில் விரிசல் விடும் இடம். பிரஷர் டெஸ்ட் செய்யாமல் அதில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. ‘ஸ்டேஜ் 3’ என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு அர்த்தம்.

டைனோ ரிப்போர்ட்டில் 5,800 ஆர்பிஎம்மில் 125 ஹெச்பி, அதே இடத்தில் டார்க் (முறுக்கு விசை) 95 பவுண்ட்-அடி. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் ஹெச்பி. இங்கே வருவது 105. இந்த இரண்டு அலகுகளில், ஒரே அளவுகோலில் வரைந்த எந்த உண்மையான ரிப்போர்ட்டிலும் ஹெச்பி கோடும் டார்க் கோடும் 5,252-ல் வெட்டிக்கொள்ளும். இதில் 4,600-க்கு அருகில் வெட்டின.

பட்டறையில் கேட்டதற்கு வந்த பதில், “ரன்னிங்-இன் ஒழுங்கா பண்ணலை சார், அதான்.” ரன்னிங்-இன் (புது எஞ்சினை நிதானமாக ஓட்டிப் பழக்குவது) சரியாக இல்லையென்றால் ரிங் பதியாது, லோப் தேயும்; ஆனால் 7 கிராம் வித்தியாசமும் 59 சிசியும் பழைய அடைப்பும் அதனால் வராது. வாரண்டி இல்லை என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது வேறு கதை.

கொடுக்கப் போகிறவர்கள் வேலை ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு சிலிண்டரின் போர் அளவும் பிஸ்டன் இடைவெளியும், ரிங் இடைவெளி (இந்தப் போருக்கு மேல் ரிங் சுமார் 0.33–0.37 மிமீ), மெயின் பேரிங், பிக் எண்டு (கனெக்டிங் ராடின் கிராங்க் பக்க முனை) பேரிங் இடைவெளி (ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இங்கே சுமார் 0.05 மிமீ), சேம்பர் சிசி, டெக் உயரம் (உச்சியில் நிற்கும் பிஸ்டனுக்கும் பிளாக்கின் மேல்பரப்புக்கும் உள்ள இடைவெளி), கேம் முழு லிஃப்ட் டிகிரி. கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் பெட்டியில் திரும்ப வர வேண்டும். கடைசித் தவணையை ஹெட் மாட்டும் முன் நேரில் போய் அளந்து பார்த்த பிறகே கொடுங்கள்; அளக்க விடாதவரிடம் பிளாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தட்டும் சத்தம் கேட்டதும் எஞ்சினை நிறுத்துங்கள், அதே பட்டறைக்கு மறுபடி அனுப்பாதீர்கள். ஆயிலைச் சுத்தமான கேனில் பிடித்து வையுங்கள், ஃபில்டரை அறுத்து விரித்துப் படம் எடுங்கள். சம்பைக் கழற்றும்போது வேறொரு மெக்கானிக் உடன் இருக்கட்டும், ஒவ்வொரு அளவும் அவர் கையெழுத்தோடு தேதி போட்டுத் தாளில் ஏறட்டும். பேரிங் ஷெல்களை எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று பின்புறம் எழுதித் தனித்தனிக் கவரில் போடுங்கள், துடைக்க வேண்டாம்.