நெருப்பை அது பார்த்துக்கொள்கிறது, ஈரத்தை நான் பார்க்கிறேன்

எங்கள் வீட்டுக் கொல்லையில், துணிக்கொடிக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவே, ஒரு கறுப்பு இரும்பு அடுப்பு மூன்று வருடமாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு பெட்டி, முன்னால் சின்னத் திரை, கீழே கொழுப்பு வடிய ஒரு வாளி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இதை முதலில் பார்த்த சித்தப்பா, "என்னம்மா, ஜெனரேட்டர் வாங்கிட்டியா?" என்று கேட்டார். பெல்லட் அடுப்பு என்றேன். பெல்லட் என்றால்? மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கும், ஆனால் மரம் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

வாங்கியதற்குக் காரணம் என் கணவர். தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீட்டில் கூட்டம் கூடும். எண்ணெய்த் தோம்பை நெடுக்காக வெட்டிய அடுப்பில் கரியைப் போட்டு, பிஸ்கட் டின் மூடியால் விசிறிக்கொண்டு மாலை முழுக்க அவர் நிற்பார். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அவர் உட்காருவார். அதற்குள் நல்ல துண்டெல்லாம் போய்விடும், கோழிக் கழுத்துதான் மிஞ்சும். ஒரு வருடம் அவர் சட்டைக் கையில் தீப்பொறி விழுந்து ஓட்டையானது. அன்று இரவே நான் போனில் தேட ஆரம்பித்தேன்.

இது வேலை செய்கிற விதம் எளிது. பெட்டியில் கொட்டிய பெல்லட்டை ஒரு திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போய் அடியில் இருக்கிற கிண்ணத்தில் போடும். கிண்ணத்துக்குள் விரல் நீளத்தில் ஒரு கம்பி பழுத்துச் சிவந்து தீ மூட்டும். ஒரு காற்றாடி ஊதும். உள்ளே சூட்டைப் பார்க்கிற கம்பி, "குறைகிறது, இன்னும் போடு" அல்லது "போதும், நிறுத்து" என்று கண்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நாம் செய்ய வேண்டியது வேண்டிய சூட்டை, 110 டிகிரி செல்சியஸ் என்று, அழுத்துவது மட்டும்தான். இறைச்சிக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு தகடு இருப்பதால் தீ நேராகப் படாது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ட்ரேகர் குடும்பம் 1980களில் கொண்டுவந்த யோசனை இது. அவர்களுடைய காப்புரிமை 2006 வாக்கில் முடிந்த பிறகுதான் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். என்னுடையது அப்படி வந்த ஏதோ ஒரு பிராண்ட். ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள்: அமெரிக்க மெஷின் 120 வோல்ட், நம் வீட்டு மின்சாரம் அதைப் போல இரண்டு மடங்கு. மலிவாக இருக்கிறதே என்று அதை வரவழைத்தால் கூடவே ஒரு டிரான்ஸ்பார்மரையும் வாங்கித் தூக்க வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு இதை விளக்கியபோது அவர் சிரிக்கவில்லை, வியக்கவும் இல்லை. அவர் ரப்பர் தோட்டத்தில் ஸ்மோக் ஹவுஸில், அதாவது ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகையில், வேலை பார்த்தவர். ரப்பர் பாலை அமிலம் ஊற்றி உறைய வைத்து, மெஷினில் விட்டு மூன்று மில்லிமீட்டர் ஷீட்டாக உருட்டி, கழியில் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகை போடுவார்கள். விறகு கித்தாக் கட்டை, ரப்பர் மரம்தான். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் கிளம்பும், முதல் தரம் போச்சு. புகை குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தெர்மாமீட்டர் ஒன்று சுவரில் தொங்கும், ஆனால் அவர் கதவுத் தகரத்தில் புறங்கையை வைத்தே சொல்லிவிடுவாராம். முதல் தடவை நான் இரவு பத்து மணிக்கு ஆட்டுத் தோளை ஏற்றிவிட்டு உள்ளே வந்தபோது அவர் கேட்டார்:

"நெருப்ப வச்சுட்டுத் தூங்கப் போறியாம்மா? யாரு பாக்குறது?"

"அதுவே பாத்துக்கும்பா."

"ம்" என்றார்.

சரி, சமையலுக்கு வருகிறேன். முதல் முறை கோழியில்தான் கெட்டேன். குறைந்த சூட்டில் நேரம் எடுத்துச் சமைப்பதுதான் இந்த அடுப்பின் பெருமை என்று படித்துவிட்டு, முழுக் கோழியை 110 டிகிரியில் மூன்றரை மணி நேரம் விட்டேன். சதை பஞ்சு மாதிரி வந்தது. தோல்? என் மகன் ஒரு துண்டைப் பல்லில் கடித்து இழுத்தான், நீண்டது, விட்டான், திரும்பிப் போனது. "தாத்தா, ஷீட் ரெடி" என்றான். ஆட்டுக்கு ஆகிற சூடு கோழித் தோலுக்கு ஆகாது. அதில் இருக்கிற கொழுப்பு உருகி வடிய வேண்டும், தோல் காய வேண்டும். இப்போது 180க்குக் குறைவாகக் கோழியை வைப்பதே இல்லை. முதல் நாளே உப்பும் மஞ்சளும் தடவி, மூடாமல் குளிர்பெட்டியில் வைத்துத் தோலைக் காயவிடுவேன். தொடையின் நடுவில் 74 டிகிரி தாண்டினால் வெந்ததுதான், நான் 80 வரை விடுகிறேன். ஒன்றரை மணி நேர வேலை.

ஆட்டுத் தோள்தான் இந்த அடுப்புக்குப் பொருத்தமான பண்டம். எங்கள் வீட்டில் மாடு கிடையாது, அதனால் அமெரிக்கர்கள் மணிக்கணக்கில் வைக்கிற மாட்டு நெஞ்சுக்கறி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எலும்போடு இரண்டரைக் கிலோ தோள் ஒன்று. இறைச்சி மசாலா, இஞ்சி பூண்டு, தட்டிய செராய் (எலுமிச்சைப் புல்), கொஞ்சம் புளி, உப்பு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோடு, குளிராகவே ஏற்றிவிட வேண்டும். ஈரமான, குளிர்ந்த மேல்பக்கத்தில்தான் புகை நன்றாக ஒட்டும். 110 டிகிரி. உள்ளே குத்திய கம்பி 40, 50, 60 என்று ஏறும். ஏறி, 68இல் நிற்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 68. இன்னொரு மணி நேரம் கழித்தும் 69. முதல் தடவை அடுப்பு கெட்டுப்போய்விட்டது என்றே முடிவு செய்து, விற்றவருக்கு போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை, நல்லவேளை. அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்தச் சூட்டில் இறைச்சி வியர்க்கிறது. வியர்வை ஆவியாகப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வெயிலில் வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்கிறதே, அதே கதைதான். பொறுமை இருந்தால் காத்திருக்கலாம். இல்லையென்றால் பொட்டலம் கட்டிவிடலாம். நான் கொல்லை வாழையிலிருந்து இரண்டு இலை வெட்டி, அடுப்பு மூடி மேலேயே வாட்டி, அதில் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தாளைச் சுற்றுவேன். 93இல் எடுத்து, துணியில் சுற்றி ஒரு மணி நேரம் ஐஸ் பெட்டிக்குள் (ஐஸ் இல்லாமல்) வைத்தால், எலும்பைப் பிடித்து இழுத்ததும் சுத்தமாகக் கையோடு வரும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது வருகிற வாசனையில் புகை பாதி, வாடிய வாழையிலை பாதி.

சாத்தேக்கு (குச்சியில் குத்திச் சுடுகிற இறைச்சிக்கு) மட்டும் இது ஆகாது, சொல்லிவிடுகிறேன். நாலைந்து தடவை முயன்றேன். சாத்தேக்கு வேண்டியது கரிமேல் நேராகச் சுடுகிற கோபம், சொட்டுகிற கொழுப்பு தீப்பற்றி எழுப்புகிற புகை. தகடு நடுவில் இருக்கிற இந்த அடுப்பு அதிகபட்சம் 230 டிகிரி காட்டும், இறைச்சி வேகும், கருகல் விழாது. வாழையிலையில் சம்பல் தடவிய மீனும் அப்படித்தான், அவித்த மீன் மாதிரி வருகிறது. ஆக, தோம்பு அடுப்பு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. கணவர் அதில் சாத்தே மட்டும் சுட்டுவிட்டு அரை மணியில் உட்கார்ந்துவிடுகிறார்.

புகையின் காரம் போதாது என்று சொல்பவர்களும் உண்டு, உண்மைதான். மரக்கட்டை எரிக்கிற அடுப்பை விட இதன் புகை மெல்லியது. சூடு ஏற ஏற இன்னும் குறையும். எனக்கு அது குறையாகப் படவில்லை. நம் மசாலாவுக்கு மேல் பலமான புகை வந்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும்.

இனி ஈரம். இந்த அடுப்பை விற்கிற காணொளிகளில் எல்லாம் வறண்ட ஊர், நீல வானம். நாம் இருப்பது பேராக்கில். மழைக்குப் பேர்போன தைப்பிங்கின் மழை கொஞ்சம் எங்கள் பக்கமும் எட்டிப் பார்க்கும். பெல்லட்டை ஒட்டி வைத்திருப்பது பசை இல்லை. மரத்திலேயே இருக்கிற லிக்னின் என்கிற பொருள், அழுத்தத்திலும் சூட்டிலும் இளகிப் பிடித்துக்கொள்கிறது. ஈரம் பட்டால் பிடி விட்டுவிடும். ஒன்றை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள்: முதலில் மூழ்கும், அப்புறம் புழு மாதிரி வீங்கும், சில நிமிடத்தில் வெறும் மரத்தூள். முதல் வருட நவம்பர் மழையில் பெட்டியில் பாதி பெல்லட்டை விட்டுவிட்டு ஒரு வாரம் மறந்துபோனேன். தார்பாய் போட்டு மூடித்தான் இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, காற்றின் ஈரமே போதுமாக இருந்தது. திருகுத் தண்டு முழுக்கத் தூள் இறுகி சிமெண்ட் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கணவர் தண்டைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்தார். அடுப்பு வாங்கியதே அவருக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்றுதான்.

அதற்குப் பிறகு சமையல் முடிந்ததும் பெட்டியைக் காலி செய்வதும், மிச்சத்தை ரப்பர் வளையம் உள்ள அரிசி டின்னில் போட்டு மூடுவதும் பாத்திரம் கழுவுவது மாதிரி பழகிவிட்டது. பையைப் பிரித்ததும் ஒன்றை விரலில் ஒடித்துப் பார்ப்பேன். டக்கென்று சத்தத்தோடு உடைந்தால் நல்லது. வளைந்து, நசுங்கி, தூள் உதிர்ந்தால் அந்தப் பை கடைக்கே திரும்பிப் போகும்.

மலிவுக்கு ஆசைப்பட்ட கதையும் ஒன்று உண்டு. ஒன்பது கிலோப் பை எனக்கு எண்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகிறது. குறைந்த சூட்டில் மணிக்கு அரைக் கிலோ, 200 டிகிரிக்கு மேல் ஒரு கிலோவுக்கும் அதிகம் தின்னும். ராத்திரி முழுக்க ஓடினால் ஐம்பது வெள்ளி புகையாகப் போகும், கரி இதைவிட எவ்வளவோ மலிவு. அதனால் யாரோ சொன்னதைக் கேட்டு, பாய்லருக்கு என்று விற்கிற பெல்லட் இரண்டு மூட்டை வாங்கினேன். பற்றவைத்த ஐந்தாவது நிமிடம் கொல்லை முழுக்க வார்னிஷ் நாற்றம். கோழி குப்பைக்குப் போனது. அப்பாவுக்குப் புரியவில்லை: "கித்தாக் கட்டைதானே? காலம் பூரா அதுலதானே சோறாக்கினோம்?" அவர் எரித்தது வெட்டிக் காயவைத்த வெறும் மரம். இப்போது 25, 30 வயதில் வெட்டுகிற ரப்பர் மரம் மேசை நாற்காலி ஆகிறது. பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்காமல் இருக்கப் பலகைக்கு போரான் உப்பு ஏற்றுவார்கள், அப்புறம் பசை, சாயம். அந்தத் தூளில் செய்தது பாய்லருக்குச் சரி, வாய்க்குச் சரிப்படாது. சமையலுக்கானது, வெறும் மரம் என்று பையில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

பதினான்காவது மாதம் தீ மூட்டும் கம்பி போயிற்று. போனது தெரிந்த விதம்தான் வேடிக்கை: அடுப்பைப் போட்டதும் வீடு முழுக்க கரண்ட் டிரிப். மூன்று தடவை. எலெக்ட்ரீஷியன் வந்து வயரிங்கைப் பார்த்தார், தண்ணீர்ச் சூடேற்றியைப் பார்த்தார், நூறு வெள்ளி வாங்கினார். கடைசியில் அந்தக் கம்பியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் போட்டதும் ட்ரிப் ஆகவில்லை. கம்பி உள்ளே வெடித்து மின்சாரம் கசிந்தால் இப்படித்தான் ஆகுமாம். விற்றவர் உதிரிபாகம் வர ஆறு வாரம் என்றார், வந்தது பத்து வாரம். இப்போது ஒரு கம்பி எப்போதும் அலமாரியில் உபரியாக இருக்கிறது.

சுத்தம் செய்வதில் எனக்குச் சோம்பல் உண்டு, அதற்கும் ஒரு முறை தண்டனை கிடைத்தது: பழைய கொழுப்பு படிந்த தகட்டின் மேல் 220இல் கோழித் தொடை வைத்து, உள்ளே தீப்பிடித்துக்கொண்டது. மூடியைத் திறக்காமல், தண்ணீர் ஊற்றாமல் சுவிட்சை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றோம், காற்று இல்லாமல் அடங்கியது. கிண்ணத்துச் சாம்பலை மூன்று சமையலுக்கு ஒருமுறை, முழுக்க ஆறிய பிறகு உறிஞ்சி எடுக்கிறேன். மழைக்குப் பயந்து கார் கொட்டகைக்குள் கதவை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள், புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். எங்களுடையது மேலே தகரம், நாலு பக்கமும் திறப்பு.

இன்னொன்று முதல் நாளே வீட்டில் பேசி முடிவு செய்தோம்: இந்த அடுப்பில் பன்றி ஏறாது. காட்டுப்பன்றி கிடைக்கிற ஊர்தான், கிடைத்தால் அது தோம்பில். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) முதல் வாரமே வாசனை பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்தார், ஹலால் கடைக் கோழி என்று சொன்னதும் தட்டை வாங்கிக்கொண்டார். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டு முழுக் கோழிகள் இங்கேதான் வேகின்றன, பதிலுக்கு ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த இறைச்சி) வருகிறது.

ராத்திரிச் சமையல்களின் சூட்டை போனில் கோடாகப் பார்க்கலாம். கொஞ்ச காலம் எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. பத்து மணிக்கு ஏற்றினால் கோடு 110இல் சமமாகப் போகும், சரியாகப் பன்னிரண்டுக்கு ஒரு பள்ளம், இரண்டுக்கு ஒரு பள்ளம், நாலுக்கு ஒன்று. கண்ட்ரோலர் கெட்டுவிட்டதோ என்று அதையும் ஆர்டர் செய்ய இருந்தேன். ஒரு நாள் இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கொல்லைக் கதவு திறந்திருந்தது. அப்பா கைலியோடு நின்று, மூடியைத் தூக்கி டார்ச் அடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியை வைத்துவிட்டு அதன் மேல் புறங்கையை ஒரு நிமிடம் வைத்திருந்தார். நான் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். மூடி திறந்தால் ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகும். இப்போதெல்லாம் ஆட்டுத் தோளை ஒன்பதரைக்கே ஏற்றிவிடுகிறேன்.