எங்கள் தெரு சிசிடிவி: படம் தெளிவு, பராமரிப்பு பூஜ்யம்

பாளையங்கோட்டையில் எங்கள் பகுதிக் கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கமும் பணம் போட்டு வாங்கி, காவல் நிலையத்திடம் ஒப்படைத்த 8 கேமராக்களைப் பற்றி எழுதுகிறேன். 4 மெகாபிக்சல் ஐபி கேமரா, படத்தைப் பதிந்து வைக்கும் என்விஆர் பெட்டி ஒன்று, அதற்குள் 2 டிபி ஹார்ட் டிஸ்க், சின்ன யுபிஎஸ் ஒன்று. இதே செட்டைத்தான் பல இடங்களிலும் போடுகிறார்கள், நாளைக்கு உங்களிடமும் நன்கொடை கேட்டு வருவார்கள்.

பகலில் படம் அருமை. முக்குக் கடை வாசலில் நிற்பவர் முகம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் 2.8 மிமீ லென்ஸ் அகலமாகப் பிடிக்கும், தூரத்தைப் பிடிக்காது. பதினைந்து அடி தாண்டினால் ஓர் ஆள் போகிறார் என்று தெரியுமே தவிர இன்னார்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரவில் ஹெட்லைட் அடித்தால் நம்பர் பிளேட் வெறும் வெள்ளை. லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டிவிட்டால் ராத்திரி முழுக்க அந்த வலைதான் தெரியும். ஆனி, ஆடிக் காற்றில் கம்பம் ஆடுவது தனிக் கதை. இதையெல்லாம் மாதம் ஒரு தடவை ஏணி போட்டு ஏறித் துடைத்து, திருகை முடுக்கினாலே சரி செய்துவிடலாம். ஏறத்தான் ஆளில்லை.

பெரிய அடி ஹார்ட் டிஸ்கில் விழுந்தது. எங்கள் வரிசையில் ஒருவருடைய பைக் களவு போய், பதிவைப் பார்க்கலாம் என்று நிலையத்துக்குப் போனோம். மானிட்டரில் எட்டுக் கட்டத்திலும் தெரு நேரலையில் ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் தள்ளிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. "படம் ஓடுது அண்ணாச்சி, பதிவுதான் விழல. டிஸ்க் போயிட்டு," என்றார் ஏட்டையா. எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மாற்றலாமே என்று கேட்டதற்கு, அது சங்கம் கொடுத்த பொருள், அதற்கென்று எங்களுக்குத் தனியாகப் பணம் வருவதில்லை என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பொருளை வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடே இல்லை, அதில்தான் கோபம்.

பணமே இல்லாத நாடா என்றால் இல்லை. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியை 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு தொடங்கினார்கள்; அதிலிருந்து வந்த பாதுகாப்பான நகரத் திட்டத்தில் 8 பெருநகரங்கள், தமிழ்நாட்டில் சென்னை மட்டும். 2022-ல் காவல்துறை நவீனமயமாக்கலுக்கான பெருந்திட்டத்தை 26,275 கோடி ரூபாயில் 2025-26 வரை நீட்டித்தது ஒன்றிய அரசு. எல்லா மாநிலங்களுக்குமான பல செலவுகள் அதில் அடக்கம். இப்படி வரும் பணத்தில் நெல்லைக்கு எவ்வளவு வந்தாலும் சரி, புதுக் கேமரா, ட்ரோன் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் செலவு ஹார்ட் டிஸ்க், யுபிஎஸ் பேட்டரி, வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், காவல் உட்கோட்டத்துக்கு ஒரு டெக்னீஷியன். என்விஆர், யுபிஎஸ் பெட்டிகளை உயரத்தில் ஏற்றி வைக்கவும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது காவல் நிலையத்துக்கு உள்ளே இருக்கும் கேமரா. தெருக் கேமராவைவிட இதற்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த பிறகு, விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார்: 1 டிபி டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். கேமரா இருந்தது, டிஸ்க் இருந்தது, பதிவு இல்லை. அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் இரவிலும் தெரியும், குரலும் பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. நிலையத்திலும் எங்களைப் போல எட்டுக் கேமரா என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் பதிந்தால் நாளுக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி, எட்டுக்கும் 170-க்கு மேல். எங்கள் 2 டிபி டிஸ்க் நல்லபடி ஓடினாலே பன்னிரண்டு நாளுக்குள் பழையதை அழித்துவிடும். ஓராண்டுக்கு 60 டிபிக்கு மேல் வேண்டும். அரசுப் பணம் போகவேண்டிய இடம் இது, கடைக்காரர் நன்கொடையில் நடக்கிற காரியமே இல்லை.

அப்புறம் ஆட்கள். ராத்திரி ரோந்து வந்து, வந்ததற்கு அடையாளமாகப் பட்டா புக் என்ற நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் அந்த இரண்டு போலீஸ்காரர்கள் தெருவுக்குத் தரும் தைரியத்தை எட்டுக் கேமராவும் தருவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனைக் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளியில் என்ன நடந்தது என்று தெரிந்துவைத்திருக்கும், ஊர்க்காரர்களோடு பேசிப் பழகிய காவலர்தான் அந்த மாதிரி இடத்தில் உதவ முடியும். அவர்களுக்குப் பெட்ரோலும் பயிற்சியும் கொடுங்கள், ஒரே ஊரில் கொஞ்ச காலம் இருக்க விடுங்கள்.

உங்கள் தெருவில் வசூலுக்கு வந்தால் பணம் கொடுங்கள், பொருள் மோசமில்லை. ஆனால் டிஸ்க் போனால் யார் மாற்றுவது, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும், வாரம் ஒரு முறை பழைய பதிவை ஓட்டிப் பார்ப்பது யார், இந்த மூன்றையும் ஒப்படைக்கும் கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் சங்கம் புது டிஸ்கைச் சொந்தப் பணத்தில் போட்டுவிட்டது. பராமரிப்புச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறோம். பக்கத்துத் தெருச் சங்கங்களும் சேர்ந்து வாருங்கள்.