ஸ்டீராய்டை நிறுத்தச் சொன்ன வைத்தியர்

அக்காவுக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குகிற நோய். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோபிரின் இரண்டும் சாப்பிட்டு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்ஜிபிடி நார்மலுக்கு வந்திருந்தது. ஆனால் ஸ்டீராய்டால் முகம் உப்பிவிட்டது, அசதியோபிரினால் ஓயாத குமட்டல். "வேற மருந்தே கிடையாதா?" என்று அழுவாள். அந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்காமல், சொந்தக்காரர் ஒருவர் சொன்ன வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

"இங்கிலீஷ் மருந்தை இன்னையோட நிறுத்துங்க, 90 நாள்ல வேரோட போயிடும்" என்றார். லேபிள் இல்லாத டப்பாவில் சூரணம், கசாயப் பொடி, 18,000 ரூபாய். ரசீது இல்லை. என்ன சேர்த்தீர்கள் என்றால் பரம்பரை ரகசியமாம். வற்புறுத்தியதும் சீந்தில்கொடி என்று மட்டும் சொன்னார், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமாம். இந்த நோயில் அதைக் கூட்டலாமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட 6 பேரைப் பற்றி 2021-லேயே மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடுத்த வருடம் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வந்தது. பலருக்கு ஆட்டோஇம்யூன் அறிகுறிகள் இருந்தன. இதெல்லாம் பிறகு படித்தது.

மூன்றாவது வாரம் அக்காவின் கண் மஞ்சளானது. போன் செய்தால், "விஷம் வெளியேறுது, விடாம குடுங்க." நாங்களும் இன்னும் நான்கு நாள் கொடுத்தோம். எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எஸ்ஜிபிடி 900-ஐத் தாண்டியிருந்தது, பிரஷரும் இறங்கியிருந்தது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் குறைந்துபோயிருக்கும். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும், ஒரே நாளில் நிறுத்தக்கூடாது.

கல்லீரல் டாக்டர் திட்டவில்லை. "அசதியோபிரின் ஒத்துக்கலைன்னா மைக்கோஃபினோலேட் இருக்கும்மா. அதுக்கும் அடங்கலைன்னா டாக்ரோலிமஸ். சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம் இல்லாத சிலருக்கு பிரட்னிசோலோனுக்குப் பதிலா புடெசனைடு குடுப்போம். என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். மைக்கோஃபினோலேட் எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக்கூடாது என்பதையும் முதலிலேயே விளக்கினார்.

இப்போது அக்கா அதைத்தான் சாப்பிடுகிறாள், குமட்டல் இல்லை. ஆனால் ஸ்டீராய்டை மறுபடி அதிக டோஸில் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பயாப்சியில் கல்லீரலில் தழும்பு கூடியிருக்கிறது. வைத்தியர் போனை எடுப்பதில்லை. புகார் கொடுக்கப் போனால் காட்டுவதற்கு எங்களிடம் இருப்பது பாதி சூரணம் மிச்சமிருக்கும் அந்த டப்பா மட்டும்தான்.