ஹவ் ஐ மெட் யுவர் மதர் 9வது சீசன்: பார்னி என்னய்யா பாவம் பண்ணான்?

2014லயே முடிஞ்ச அமெரிக்க காமெடி சீரியல், ராபின் யாரோட சேரணும்னு டெட் (கதை சொல்ற ஹீரோ) கட்சியும் பார்னி (அவனோட ப்ளேபாய் ஃப்ரெண்டு) கட்சியும் இன்னும் அடிச்சுக்கிறாங்க. நான் பார்னி கட்சி தான். பொண்ணுங்கள மடக்க ஐடியா எழுதி வச்ச ப்ளேபுக்கோட கடைசி பக்கத்துல ராபினுக்கு ப்ரபோஸ் பண்றத எழுதி, அவ சம்மதிக்கணும்ங்கிற நப்பாசைய கடைசி ஸ்டெப்பா வச்சான் பாருங்க, அங்க தான்யா ஆளே மாறிட்டான். அப்புறம் பார்னி-ராபின் கல்யாண வீக்கெண்ட கிட்டத்தட்ட சீசன் முழுக்க ஜவ்வா இழுத்துட்டு ஃபினாலேல பொசுக்குன்னு டைவர்ஸ், டெட்டோட பொண்டாட்டி ட்ரேசியும் (தலைப்புல வர்ற 'மதர்') செத்துடுறா, டெட் மறுபடி நீல ஃப்ரெஞ்ச் ஹார்ன் வாத்தியத்தோட ராபின் வீட்டு ஜன்னலுக்கு கீழ! டெட்டோட பசங்க பேசுற க்ளைமாக்ஸ ஆரம்ப சீசன்லயே ஷூட் பண்ணி வச்சுட்டாங்க, கேரக்டர் வளந்தா என்ன வளராட்டி என்ன. ட்ரேசியா நடிச்ச கிறிஸ்டின் மிலியோட்டிக்காக பாக்கலாம். டிவிடில வேற க்ளைமாக்ஸ் இருக்கு, அத பாருங்க, பிபி ஏறாது.